நைரோபிக்குக் குடும்பத்தோடு போகலாமா?

உங்கள் கணவருக்குக் கென்யாவின் தலைநகர் நைரோபியை ஒட்டிய ஆத்தி ரிவர் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை வந்திருக்கிறது. ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூரிலிருந்து நீங்களும் போகலாமா, நைரோபி பாதுகாப்பான ஊரா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "போய் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதற்கு இங்கேயே இருந்துவிடலாம்" என்று ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. தனியாகக் கடைக்குப் போய் வரலாமா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார முடியுமா, இதுதானே நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது? முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். அடைந்து கிடக்க வேண்டியதில்லை. ஆனால் சில பழக்கங்களை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான் நைரோபியில் 11 வருடம் இருந்தேன். ஒரு தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவு. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களை ஏர்போர்ட்டில் கூட்டிவருவது, வீடு பார்ப்பது, பள்ளி, பர்மிட், வண்டி எல்லாம் என் பொறுப்பு. ராத்திரி யாருக்கு என்ன ஆனாலும் முதலில் என் போன்தான் அடிக்கும். 2024 கடைசியில் ஊர் திரும்பிவிட்டேன். அதனால் வாடகை, பள்ளிக் கட்டணம் மாதிரி மாறிக்கொண்டே இருக்கும் விஷயங்களை இப்போது அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். ஒரு பெண்ணுக்கு அந்தத் தெருக்கள் எப்படி இருக்கும் என்பது என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த இடங்களில் அவர் சொன்னதையே எழுதுகிறேன்.

உறவுக்காரர்கள் உங்களிடம் முதலில் சொல்லியிருக்கப்போவது தீவிரவாதத் தாக்குதல்களைப் பற்றித்தான். அவை நடந்தவைதான். 2013 செப்டம்பரில் வெஸ்ட்கேட் மாலில் 67 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் இந்தியர்களும் உண்டு. 2019 ஜனவரியில் டூசிட் ஹோட்டல் வளாகத்தில் 21 பேர். அதற்குப் பிறகு எந்த மாலுக்குப் போனாலும் காரின் அடியில் கண்ணாடி விட்டுப் பார்ப்பார்கள், டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், உள்ளே போகும்போது பையை ஸ்கேன் செய்வார்கள். இந்தச் சோதனைக்குச் சலித்துக்கொள்ளாமல் நில்லுங்கள். மாலுக்குள் போனதும் இன்னொரு வெளிவாசல் எங்கே என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் தனி மனிதராக நாம் செய்யக்கூடியது குறைவு. இந்தப் பயத்துக்காக வேலையை விட வேண்டாம் என்பது என் கருத்து.

அந்த 11 வருடத்தில் என் போன் அடித்ததெல்லாம் வேறு காரணங்களுக்கு. முதலிடம் சாலை விபத்து. அப்புறம் போன் பறிப்பு, மொபைல் பண மோசடி, வீட்டுத் திருட்டு. எப்போதாவது ஒன்று, கேட் வாசலில் வழிமறிப்பு. இது என் ஆட்களுக்கு நடந்த கணக்கு மட்டும். மொத்த நகரத்துக்கும் இதே வரிசை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாலை முதலில் வருவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கென்யாவில் வருடத்துக்கு 4,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள், நம் தமிழ்நாட்டை விட மக்கள்தொகை குறைந்த நாட்டில். மடாட்டு என்கிற மினி பஸ்களும், போடா போடா என்கிற மோட்டார் சைக்கிள் டாக்ஸிகளும்தான் ஊரின் கால்கள். ஊர் மக்கள் அதில்தான் போகிறார்கள், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மழைநாளில், ஹெல்மெட் இல்லாமல், பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு போடா போடாவில் ஏறுவதை மட்டும் "பக்கத்தில்தானே" என்று செய்துவிடாதீர்கள். போனில் கூப்பிடும் டாக்ஸி எளிதாகக் கிடைக்கும். நம்பர் பிளேட்டைச் சரிபார்த்துவிட்டு ஏறுங்கள், பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வருடம் முழுக்க மாலை ஆறரை, ஆறே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். நம் ஊர் கோடைக்கால ஏழு மணி வெளிச்சத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள். உங்கள் நாளை அந்த ஆறரையை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

வீடு எங்கே எடுப்பது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஆத்தி ரிவர் நகரத்திலிருந்து தென்கிழக்கே மொம்பாசா ரோட்டில் இருக்கிறது. கம்பெனிக்குப் பக்கத்திலேயே ம்லோலொங்கோ, சியோகிமாவு, கிட்டெங்கெலா என்று குடியிருப்புகள் உண்டு, வாடகையும் குறைவு. கணவர் பத்து நிமிடத்தில் வேலைக்குப் போய்விடுவார். ஆனால் பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போவது நீங்கள். நான் பார்த்தவரை அங்கே குடியேறிய புதுக் குடும்பங்கள்தான் நீங்கள் பயப்படுகிற மாதிரி அடைந்து கிடந்தன. கடை, கோயில், பேச்சுத்துணை எதற்கும் கார் வேண்டும். பார்க்லாண்ட்ஸ், வெஸ்ட்லாண்ட்ஸ் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் குஜராத்திகளும் பஞ்சாபிகளும் வாழும் இடம். கோயில், நம் மளிகைச் சாமான், ஆகா கான் ஆஸ்பத்திரி, எம்.பி. ஷா ஆஸ்பத்திரி எல்லாம் அங்கேயே. 2022-இல் ம்லோலொங்கோவிலிருந்து வெஸ்ட்லாண்ட்ஸ் வரை 27 கிலோமீட்டருக்குச் சுங்கம் கட்டிப் போகும் எக்ஸ்பிரஸ்வே திறந்துவிட்டார்கள், அதனால் கணவருக்கும் அது எட்டாத தூரமில்லை. சுங்கக் கட்டணத்தைக் கம்பெனி தருமா என்று கேளுங்கள். நடுவழியாக சவுத் சி பகுதியும் இருக்கிறது. என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் பார்க்லாண்ட்ஸில் சின்ன ஃபிளாட் எடுக்கச் சொல்வேன். தனி வீடு, தோட்டம் என்று ஆசைப்படாதீர்கள். ஒரே வளாகத்துக்குள் இருபது முப்பது குடும்பங்கள், ஒரே கேட், ராத்திரிக்கும் காவலாளி, இதுதான் புதிதாக வருபவர்களுக்குச் சரி.

போன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே போன் என்றால் பணப்பை. 2007-இல் சஃபாரிகாம் என்கிற போன் கம்பெனி தொடங்கிய எம்-பெசா என்கிற மொபைல் பணச் சேவையில்தான் காய்கறிக்காரர் முதல் பள்ளி வரை எல்லாருக்கும் பணம் போகும். எங்களிடம் கரூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். வந்து மூன்றாவது வாரம், உஹுரு ஹைவேயில் ரவுண்டானா நெரிசலில் கார் நின்றிருக்கிறது. ஜன்னலைப் பாதி இறக்கி, அம்மாவுக்கு வீடியோ காலில் ஊரைக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கை உள்ளே வந்ததுதான் தெரியும் என்றார். திரையில் அம்மா பேசிக்கொண்டிருக்க, போன் வண்டிகளுக்கு நடுவே ஓடிப்போய்விட்டது. லாக் திறந்த நிலையில் போனதுதான் பெரிய இழப்பு. அவருடைய எம்-பெசா ரகசிய எண் அவர் பிறந்த வருடம். பாஸ்போர்ட்டின் படம் அதே போனிலேயே இருந்தது. அரை மணி நேரத்தில் இருப்பை எடுத்தது மட்டுமில்லாமல், அந்தக் கணக்கின் மேல் கிடைக்கும் ஓவர்டிராஃப்ட் கடனையும் எடுத்துவிட்டார்கள். அவர் எனக்குச் சொல்ல வேறு ஒருவர் போனைக் கடன் வாங்க வேண்டியிருந்தது, என் எண் அவருக்கு மனப்பாடமாக இல்லை.

இதிலிருந்து நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கங்கள் இவை. நகருக்குள் காரில் போகும்போது ஜன்னல் மேலே, கதவு பூட்டி, போன் மடியில் இல்லை, பையில். சிம் கார்டுக்கே ஒரு பின் எண். எம்-பெசா எண் பிறந்த தேதியாகவோ வருடமாகவோ இருக்கக் கூடாது. எம்-பெசாவில் ஒரு வாரச் செலவுக்கு மேல் வைப்பதில்லை, மீதி வங்கியில். மூன்று பேருடைய எண் மனப்பாடம். மகளுக்கும் உங்கள் எண்ணை ஒரு பாட்டு மாதிரி சொல்லிக்கொடுங்கள், ஆறு வயதில் அழகாகப் பிடித்துக்கொள்வாள்.

போனைப் பறிக்காமலே பணம் எடுப்பவர்களும் உண்டு. "உங்களுக்கு 5,000 ஷில்லிங் வந்திருக்கிறது" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அடுத்த நிமிடமே ஒரு குரல் அழாத குறையாக, தவறி அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள், ஆஸ்பத்திரி பணம் என்று கெஞ்சும். நம் ஆட்கள் இரக்கப்பட்டே ஏமாந்தார்கள். உண்மையான செய்தி எம்-பெசா என்ற பெயரில் வரும், யாரோ ஒரு மொபைல் எண்ணிலிருந்து வராது. முதலில் உங்கள் இருப்பைப் பாருங்கள். நிஜமாகவே தவறி வந்திருந்தாலும் நீங்கள் அனுப்ப வேண்டாம். அனுப்பியவர் தனக்கு வந்த செய்தியை 456-க்கு அனுப்பினால் சஃபாரிகாமே திருப்பிக்கொள்ளும். "456-க்கு அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள்.

இனி கேட் வாசல். இதைப் படித்துப் பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே ஆபத்தான இடம் எது என்று கேட்டால், வீட்டு கேட்டுக்கு முன்னால் கார் நிற்கும் அந்த ஒரு நிமிடம் என்பேன். மழை பெய்யும் ஏழு மணி. ஹாரன் அடிக்கிறோம். காவலாளி கோட்டு போட்டுக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்வி, பூட்டைத் தடவுகிறார். கேட்டை ஒட்டி மூக்கு வைத்து நிற்கிறோம். பின்னால் இன்னொரு கார் வந்து நின்றால் முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. இதற்கு வழி இருக்கிறது. தெருமுனையிலேயே காவலாளிக்கு மிஸ்டு கால் கொடுத்துவிடுங்கள், நீங்கள் வரும்போது கேட் திறந்திருக்கும். திறக்கவில்லை என்றால் பத்து அடி தள்ளி, வளைத்துப் போக இடம் விட்டு நில்லுங்கள். ஒரே கார் இரண்டு திருப்பமாகப் பின்னால் வருகிறது என்று தோன்றினால் வீட்டைத் தாண்டிப் போய், வெளிச்சமான பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள். சந்தேகம் பொய்யாக இருந்தால் ஐந்து நிமிடம்தான் நட்டம்.

யாராவது ஆயுதம் காட்டிவிட்டால் கார், போன், பை எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். கையை அவர்கள் பார்க்கும்படி வையுங்கள், பெல்ட்டைக் கழற்றுவதானாலும் சொல்லிவிட்டுக் கழற்றுங்கள். பின்சீட்டில் பிள்ளை இருந்தால் "ம்டோட்டோ, ம்டோட்டோ" என்று சொல்லுங்கள். ஸ்வாஹிலியில் குழந்தை என்று அர்த்தம். பிள்ளையை எடுத்த பிறகுதான் காரை விட்டு நகருங்கள். இந்த ஒரு சொல்லை ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்லிக்கொடுப்பேன். எங்கள் குடும்பங்களில் ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை. இருந்தாலும் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தவில்லை.

நகை பற்றி. அங்கே நம்மை "முஹிந்தி" என்பார்கள், இந்தியர் என்று பொருள். முஹிந்தி வீட்டில் தங்கமும் ரொக்கமும் இருக்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. ஐந்து பவுன் தாலிக்கொடியை ஊரிலேயே லாக்கரில் வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு போங்கள். என் மனைவி அப்படித்தான் இருந்தார். அவர் அம்மாவுக்கு முதலில் மனசே ஒப்பவில்லை. கோயில் விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ள கவரிங் போதும். வீட்டில் ரொக்கம் வைக்கவே தேவையில்லை, வேலைக்கு வருபவருக்குச் சம்பளம்கூட எம்-பெசாவில்தான் போகும்.

வீட்டுத் திருட்டு நடந்த இடங்களில் பெரும்பாலும் உள்விவரம் வெளியே போயிருந்தது. அதற்காகக் காவலாளியையும் வீட்டு வேலைக்கு வருபவரையும் சந்தேகத்தோடு பார்ப்பது தவறு, அது பாதுகாப்பைக் குறைக்கவும் செய்யும். காவலாளியை அங்கே அஸ்காரி என்பார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வேலை, சம்பளமோ கொஞ்சம். எங்கள் வளாகத்தில் ராத்திரி அஸ்காரிக்கு என் மனைவி ஒன்பது மணிக்கு ஒரு ஃபிளாஸ்க் இஞ்சி டீ கொடுத்துவிடுவார். போகும்போதும் வரும்போதும் "ஹபாரி" என்று நலம் விசாரித்து, அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார். ஒருநாள், கேபிள் ரிப்பேர் என்று இரண்டு பேர் எங்கள் வீட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவர் உள்ளே விடாமல் என் மனைவிக்கு போன் செய்தார். நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்து பிளாக்கில் அதே வாரம் அதே கேபிள் கதையைச் சொல்லித்தான் ஒரு லேப்டாப் போனது. எங்கள் ஆட்களில் பலர் வருடக்கணக்காக அஸ்காரியின் பெயர்கூடத் தெரியாமல் இருந்தார்கள். நீங்கள் முதல் நாளே பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். பகலில் என் மனைவி பார்க்லாண்ட்ஸில் தனியாக நடந்து போவார். காய்கறிக்கு சிட்டி பார்க் மார்க்கெட், அரிசி பருப்புக்கு டைமண்ட் பிளாசா. பை குறுக்காக மாட்டி முன்பக்கம், போன் வெளியே எடுப்பதில்லை, யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் ஒரு கடைக்குள் ஏறி நின்று கூப்பிடுவார். ஐந்தரைக்கு வீடு. இருட்டிய பிறகு முந்நூறு மீட்டரானாலும் டாக்ஸி. நகர மையத்தில் ரிவர் ரோடு, டாம் ம்போயா தெரு பக்கம் துணி மலிவு என்று சொல்வார்கள், ஊர் பழகியவர் துணையில்லாமல் போக வேண்டாம். நடப்பதற்கு கருரா காடு இருக்கிறது. சுற்றுச்சூழல் போராளி வாங்கரி மாத்தாய் அம்மையார் போராடி மீட்டுக்கொடுத்த காடு. சுற்றிலும் வேலி, நுழைவுக் கட்டணம், காவலர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். "ஊரில்கூட நான் இவ்வளவு நடந்ததில்லை" என்று என் மனைவி சொல்வார். பகலில் தெருவில் தன்னை யாரும் கேவலமாகப் பார்த்ததாகவோ சீண்டியதாகவோ அவர் சொன்னதில்லை. இது ஒரு பெண்ணின் அனுபவம், ஒரு பகுதியின் அனுபவம். போனதும் உங்கள் வளாகத்துப் பெண்களிடம் கேட்டு, அந்தத் தெருவுக்கான எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

போராட்ட நாட்கள் தனி. 2024 ஜூன் 25-ஆம் தேதி வரி மசோதாவுக்கு எதிராக இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தார்கள், துப்பாக்கிச்சூடு நடந்தது. அது வெளிநாட்டவர்களுக்கு எதிரான கோபம் இல்லை. ஆனால் கண்ணீர்ப்புகைக்கும் கல்லுக்கும் ஆள் தெரியாது. அப்படிப்பட்ட நாட்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். பள்ளியிலிருந்தே செய்தி வரும். அன்றைக்கு வீட்டில் இருங்கள், இரண்டு நாளைக்குத் தண்ணீர், பால், மருந்து எப்போதும் கையில் இருக்கட்டும். வேடிக்கை பார்க்கவோ வீடியோ எடுக்கவோ போகாதீர்கள். பொதுத் தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆகஸ்ட் மாதம் வரும், அடுத்தது 2027. 2007 தேர்தலுக்குப் பிறகு நடந்த கலவரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்பதால், பல இந்தியக் குடும்பங்கள் தேர்தல் சமயத்தில் விடுமுறை போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிடும். நீங்களும் அந்த வருடப் பள்ளி விடுமுறையை அப்படி அமைத்துக்கொள்ளலாம்.

காகிதங்களில் சுருக்கமாக: கணவருக்கு வேலை பர்மிட், உங்களுக்கும் மகளுக்கும் சார்ந்திருப்போர் பாஸ். அந்தப் பாஸை வைத்துக்கொண்டு நீங்கள் சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது, டியூஷன்கூட. டூரிஸ்ட்டாக வாருங்கள், வந்த பிறகு பர்மிட் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொன்னால் கிளம்பாதீர்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் "பத்திரமாக இருக்கட்டும்" என்று கொடுக்காதீர்கள். வெளியே போகும்போது பாஸ்போர்ட், பர்மிட் நகல் போதும். போலீஸ் நிறுத்தினால் மரியாதையாகப் பேசுங்கள், பணம் நீட்டாதீர்கள். தவறு இருக்கிறது என்றால் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று சொல்லி, கம்பெனி ஆளுக்கு போன் செய்யுங்கள். போனதும் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவசர எண் 999, 112. ஆம்புலன்ஸுக்கு செஞ்சிலுவைச் சங்கத்தின் 1199. ஆனால் என் அனுபவத்தில் முதலில் வந்து நிற்பது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மூவரும் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அந்தச் சான்று இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் ஏர்போர்ட்டிலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே மலேரியா குறைவு. மொம்பாசா கடற்கரைக்கோ கிசுமு ஏரிப்பக்கமோ சுற்றிப்பார்க்கப் போகும் முன் டாக்டரைக் கேட்டு மாத்திரை போடுங்கள். போய் வந்த பிறகு காய்ச்சல் வந்தால் சளிக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் நான்கு நாள் பாரசிட்டமாலில் ஓட்டிவிட்டு ஐசியூவில் போய் முடிந்தது. பிழைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போடும் முன் கம்பெனியிடம் இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள்: பர்மிட் யார் பொறுப்பு, மூன்று பேருக்கும் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் உண்டா, ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் வண்டி உண்டா, வீட்டை நாமே தேர்ந்தெடுக்கலாமா, ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது. கடைசிக் கேள்விக்கு ஒரு மனிதரின் பெயரும் எண்ணும் வர வேண்டும், "ஆபீஸைக் கூப்பிடுங்கள்" என்று வரக் கூடாது. அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று வந்து சொல்லுங்கள், வீடு இருக்கும் தெருவின் பெயரையும் சொன்னால் அந்தப் பக்கம் எப்படி என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.